டெக்சாஸில் ஆட்டிசம் சிகிச்சை நிலையம் தொடங்கித் தரும் ‘முழுத் தொகுப்பு’: கிருஷ்ணகிரியிலிருந்து கவனித்த ஒரு சேவையின் மதிப்பீடு

ஆட்சியர் அலுவலக வாசலில் மர மேசை போட்டு மனு எழுதித் தருபவர்களைக் கிருஷ்ணகிரிக்காரர்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அவர் எழுதித் தருவது ஒரு பக்க மனுதான் என்றாலும், “முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் கையெழுத்து வாங்குங்கள், அதை விட்டுவிட்டு நேராக மேலே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்” என்று பேனாவை மூடியபடியே அவர் சொல்லும் ஒரு வரிக்காகத்தான் அந்த நூறு ரூபாயை மனதாரக் கொடுக்கிறோம். என் தங்கை 4,500 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 3.9 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய சேவையில் படிவங்கள் எல்லாம் நிரப்பப்பட்டன. அந்த ஒரு வரி மட்டும் கிடைக்கவில்லை.

தங்கை டாலஸ் நகரை ஒட்டிய புறநகர் ஒன்றில் ஏழு ஆண்டுகளாக, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குச் சிகிச்சை தரும் நடத்தைப் பகுப்பாய்வாளராகப் பணிபுரிகிறாள். முதுகலைப் பட்டம், பி.ஏ.சி.பி. என்னும் சான்றளிப்பு வாரியத்தின் பி.சி.பி.ஏ. தகுதி, டெக்சாஸ் மாநில உரிமம் ஆகிய மூன்றும் அவளிடம் ஏற்கெனவே இருந்தன. 2025 ஜனவரியில், பிறருடைய நிலையத்தில் உழைத்தது போதும், சொந்தமாக ஒன்றைத் தொடங்கலாம் என்று முடிவெடுத்தபோது, அதற்கான பதிவுகள் முழுவதையும் முடித்துத் தருவதாக விளம்பரம் செய்த ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் பணம் கட்டினாள். நான் ஓசூரில் அமெரிக்க மருத்துவமனைகளுக்கான பில்லிங் வேலையில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது கிருஷ்ணகிரியில் வரிக்கணக்கு பார்க்கிறேன். அதனால், “காகித வேலையை அண்ணன் பார்த்துக்கொள்வார்” என்று மாப்பிள்ளையும் தங்கையும் தீர்மானித்துவிட்டார்கள். இரவு ஒன்பதரைக்குத் தொடங்கும் அழைப்புகள், மார்ச் இரண்டாம் வாரத்தில் அந்த ஊர்க் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்ந்தபின் எட்டரைக்கு வந்தன. மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் லாரிகள் வாசலில் இரைந்துகொண்டிருந்த ஜூன் மாதம் வரை அவை ஓயவில்லை. நிறுவனத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஒரு பகுதிப் பணத்தைத் திருப்பித் தருவது பற்றிய பேச்சு இன்னும் நடக்கிறது. எப்படியும் இதே பொருளை வெவ்வேறு அட்டைப்படம் போட்டுப் பலரும் விற்கிறார்கள் என்பதால், பொருளைப் பற்றிச் சொல்வதே வாங்குபவருக்குப் பயன்படும்.

இப்படி ஒரு சந்தை ஏன் உருவானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மெடிக்கெய்டு என்பது 1965இல் தொடங்கிய, அமெரிக்க ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து செலவை ஏற்கும், வருமானம் குறைந்தோருக்கான மருத்துவக் காப்பீடு. 21 வயதுக்குட்பட்டோருக்குத் தேவையான சிகிச்சை எதுவானாலும் தர வேண்டும் என்ற விதி அதில் உண்டு. ஆட்டிசத்துக்கான சிகிச்சையும் அந்த விதிக்குள் அடங்கும் என்று 2014 ஜூலையில் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு விளக்கக் கடிதம் அனுப்பியது. டெக்சாஸ் மாநிலம் நடத்தைப் பகுப்பாய்வுச் சிகிச்சைக்கு மெடிக்கெய்டு வழியாகப் பணம் தரத் தொடங்கியதோ 2022 பிப்ரவரியில்தான். காத்திருந்த குடும்பங்கள் ஏராளம், நிலையங்கள் குறைவு. அந்த இடைவெளியில்தான் ‘தொடங்கித் தருகிறோம்’ என்னும் கடைகள் முளைத்தன.

தொகுப்பின் விலைப்பட்டியலைப் பார்த்ததுமே எனக்கு உறுத்தியது. வரி அடையாள எண் பெற்றுத் தர 150 டாலர், தேசிய சேவையாளர் எண்ணான என்.பி.ஐ. பெற்றுத் தர 200 டாலர், காப்பீட்டு நிறுவனங்கள் சேவையாளரின் தகுதியைச் சரிபார்க்கும் சி.ஏ.க்யூ.எச். தளத்தில் விவரம் ஏற்ற 300 டாலர் என்று தனித்தனியே போட்டிருந்தார்கள். இம்மூன்றுக்கும் சேவையாளர் அரசிடமோ அந்தத் தளத்திடமோ கட்ட வேண்டிய கட்டணம் ஒரு காசும் கிடையாது. முதல் இரண்டையும் பொறுமையாக உட்கார்ந்தால் ஒரே மாலையில் நாமே முடித்துவிடலாம். உழைப்புக்குக் கூலி கேட்பது தவறில்லை. ஆனால் ‘அரசுக் கட்டணங்கள் உட்பட’ என்ற தலைப்பின்கீழ் இவற்றை அடுக்கியிருந்தது நேர்மையாகப் படவில்லை. மெடிக்கெய்டு சேர்க்கைக்கான, அதாவது மெடிக்கெய்டிடம் பணம் பெறும் சேவையாளராகப் பதிவதற்கான, விண்ணப்பக் கட்டணமாக 730 டாலரையும் அதில் சேர்த்திருந்தார்கள். 2025ஆம் ஆண்டுக்கு அந்தத் தொகை சரிதான். ஆனால் அது நிறுவன வகைச் சேவையாளர்களுக்கு உரியது, தனி வல்லுநர்களுக்கு விலக்கு உண்டு. தங்கை எந்த வகையில் சேர்கிறாள் என்று கேட்டதற்கு, பட்டியலை எழுதியவரிடமிருந்து மூன்று நாள் கழித்து வந்த பதிலில் அந்த வரியை மட்டும் அடித்திருந்தார்கள்.

‘ஏஜென்சி உரிமம்’ என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருந்ததும் இந்த வகைதான். டெக்சாஸில் இந்தச் சிகிச்சைக்கான உரிமம் ஆளுக்குத் தரப்படுகிறது. 2017இல் இயற்றிய சட்டத்தின்படி, 2018 செப்டம்பர் முதல், மாநில உரிமத் துறையான டி.டி.எல்.ஆர். தரும் உரிமம் இல்லாமல் நடத்தைப் பகுப்பாய்வாளர் என்று எவரும் தொழில் செய்யக் கூடாது. தங்கையிடம் அந்த உரிமம் முன்பே இருந்ததால், விளம்பரத்தில் சொன்ன உரிமம் எதைக் குறிக்கிறது என்று கேட்டோம். தங்கையின் நிறுவனத்தைப் பதிவு செய்வதைத்தான் அப்படிக் குறிப்பிட்டதாகச் சொன்னார்கள். அந்தப் பதிவு இரண்டே நாளில் பிழையின்றி முடிந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேறு மாநிலத்தில் தொடங்குவோர் இந்தப் பத்தியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உரிம விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

உண்மையான தலைவலி பெயரில் வந்தது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான். கடவுச்சீட்டு எடுக்கும்போது அந்த ஓரெழுத்து விரிந்து அப்பாவின் முழுப்பெயராகிக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தங்கையின் மாநில உரிமத்திலும் சமூகப் பாதுகாப்பு அட்டையிலும் அவள் பெயர் முதலிலும் அப்பா பெயர் கடைசியிலும் சரியாகவே இருந்தன. ஆலோசனை நிறுவனத்தின் ஊழியரோ, நான் தமிழ் வழக்கப்படி மின்னஞ்சலில் அப்பா பெயரை முன்னால் போட்டு எழுதியதைப் பார்த்துவிட்டு, என்.பி.ஐ. பதிவேட்டில் அதையே இயற்பெயராகத் ‘திருத்தி’ வைத்துவிட்டார். முன்னால் போட்டது என் தவறு. உரிமத்தின் நகல் கையில் இருந்தும் ஒப்பிட்டுப் பார்க்காதது அவருடைய தவறு. டெக்சாஸில் மெடிக்கெய்டு சேர்க்கை, மாநிலத்துக்காக அந்த வேலையைப் பார்க்கும் டி.எம்.எச்.பி. நடத்தும் பெம்ஸ் என்ற இணைய வாயில் வழியாக நடக்கிறது. உரிமத்தில் ஒரு பெயர், என்.பி.ஐ. பதிவேட்டில் ஒரு பெயர் என்றிருக்கும் விண்ணப்பத்துக்கு அங்கே ஒரே ஒரு கதிதான் காத்திருக்கும். குறைபாட்டுக் கடிதம் வந்தது, திருத்தி மீண்டும் அனுப்பினோம், ஐந்து வாரம் போயிற்று. பெயருக்குப் பின்னால் அப்பாவைச் சுமக்கும் தமிழர் எவரும், யாரிடம் பணம் கட்டினாலும், உரிமம், என்.பி.ஐ., சமூகப் பாதுகாப்பு அட்டை, வங்கிக் கணக்கு ஆகிய நான்கையும் மேசைமேல் பரப்பி வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகே விண்ணப்பத்தைத் தொடங்க வேண்டும்.

இரண்டு என்.பி.ஐ. எண்கள் தேவைப்படும் என்பதையும் தொகுப்பின் கையேடு ஒரு வரியில் கடந்துவிட்டது. ஆளுக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று. இரண்டும் பத்து இலக்கம். நிறுவனத்தை ஒரு குழுவாகச் சேர்த்து, சிகிச்சை தரும் உரிமதாரரையும் தனியாகச் சேர்த்து, பிறகு இருவரையும் இணைக்க வேண்டும். இந்த இணைப்பு விட்டுப்போனால் சேர்க்கை முடிந்ததாகத் தெரியும், ஆனால் அனுப்பும் பில் எல்லாம் திரும்பி வரும். பில்லிங் வேலை பார்த்த காலத்தில் இந்த ஒரே காரணத்துக்காக மாதக்கணக்கில் பணம் தேங்கி நின்ற மருத்துவர்களை நான் கண்டிருக்கிறேன் என்பதால், இதை மட்டும் நானே உடனிருந்து செய்தேன்.

முகவரி விஷயத்தில் அவர்கள் தந்த யோசனை ஆபத்தானது. கடை வாடகை மிச்சமாகட்டும் என்று, மாதம் முப்பது டாலருக்குக் கிடைக்கும் அஞ்சல் முகவரியைச் சிகிச்சை நடக்கும் இடமாகக் காட்டச் சொன்னார்கள். மெடிக்கெய்டில் சேர்வோரை அபாயத்தின் அளவுப்படி மூன்று படிகளாகப் பிரிப்பது ஒன்றிய விதி. நடுப்படியிலும் மேற்படியிலும் இருப்போரின் இடத்துக்கு முன்னறிவிப்பின்றி நேரில் வந்து பார்ப்பார்கள், மேற்படிக்குக் கைரேகைச் சோதனையும் உண்டு. அங்கே போய்ப் பார்த்தால் தபால் பெட்டி மட்டும் இருந்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல ஆலோசகர் தேவையில்லை. தங்கை மறுத்துவிட்டு, இரண்டு அறை கொண்ட சிறிய அலுவலகத்துக்கு முன்பணம் கொடுத்தாள்.

எங்கள் வீட்டில் பெரிய விவாதமானது பங்கு பற்றிய படிவம். காவேரிப்பட்டணம் பக்கம் இருந்த மாந்தோப்பில் ஒரு பகுதியை விற்ற பணத்தில் அப்பா மகளுக்கு உதவ நினைத்தார். ஆலோசகரும் “பத்து சதவீதம் அவர் பெயரில் போட்டுக்கொள்ளுங்கள், ஒன்றும் ஆகாது” என்றார். ஐந்து சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரின் பெயர், முகவரி, பிறந்த நாள், சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவற்றை மெடிக்கெய்டுக்குத் தெரிவித்தாக வேண்டும். பங்குதாரர்கள் ஒருவருக்கொருவர் கணவன் மனைவியா, பெற்றோர் பிள்ளையா, உடன்பிறந்தோரா என்பதையும் பெண் பார்க்க வந்தவர்களைப் போல விசாரிக்கும் அந்தப் படிவம். விமானத்தில் ஒரு முறைகூட ஏறாத அப்பாவிடம் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு எங்கே போவது? அப்பாவைப் பங்குதாரர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, பணத்தை மகளுக்கு அவர் தந்த கடனாக எழுதி முடித்தோம். ‘அப்படியானால் நான் முதலாளி இல்லையா?’ என்று அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். ஊரிலிருந்து பணம் போட நினைக்கும் குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. விண்ணப்பத்தைத் தொடங்கிய பிறகு பங்கை மாற்றுவது, முதலிலேயே போடாமல் இருப்பதைவிடப் பல மடங்கு சிரமம்.

கொள்கைக் கையேடு என்ற பெயரில் 180 பக்கத்தில் ஒரு கோப்பு தந்தார்கள். படித்துக்கொண்டே போனால் 64ஆம் பக்கத்தில் ‘மெடி-கால் பயனாளிகளின் உரிமைகள்’ என்று வருகிறது. மெடி-கால் என்பது கலிபோர்னியா மாநிலத்து மெடிக்கெய்டின் பெயர். கலிபோர்னியா என்ற சொல்லை மட்டும் தேடி எடுத்து டெக்சாஸ் என்று மாற்றியவருக்கு, அந்தத் திட்டத்துக்கே தனிப்பெயர் இருப்பது தெரியவில்லை போலும்.

சி.ஏ.க்யூ.எச். தளத்தில் ஏற்றிய விவரங்களை 120 நாளுக்கு ஒருமுறை சரியென்று உறுதிப்படுத்த வேண்டும். ஆலோசனை நிறுவனத்தார் அங்கே தங்கள் மின்னஞ்சலையே பதிந்து வைத்திருந்ததால், நினைவூட்டல் யாவும் அவர்களுக்கே போயின. கெடு தாண்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இது தற்செயலான பிழையாக இருக்கலாம். ஆனாலும் ஆண்டுச் சந்தா வாங்கச் சொல்லி அடுத்த வாரமே ஒரு கடிதம் வந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது.

இவ்வளவு குறை சொன்னாலும், இந்தத் தொகுப்பில் ஓர் இரவு மட்டும் கொடுத்த பணத்துக்கு மேல் பெறுமானம் உள்ளதாக இருந்தது. ஒப்பந்தப்படி வர வேண்டிய ஒரு மணி நேர ஆலோசனைக்கு, முன்பு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பில் தணிக்கை செய்த அம்மையார் ஒருவர் வந்தார். சேர்க்கையைப் பற்றி அவர் பேசவே இல்லை. தங்கை தயாரித்திருந்த சிகிச்சைக் குறிப்புப் படிவத்தைத் திரையில் காட்டச் சொன்னார். குழந்தைக்கு நேரடியாகச் சிகிச்சை தருவதற்கான 97153 என்ற குறியீடு 15 நிமிடத்தை ஓர் அலகாகக் கணக்கிடுகிறது. தங்கையின் படிவத்தில் ‘கால அளவு: 2 மணி’ என்ற ஒரே கட்டம்தான் இருந்தது. “எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது? எந்த இடத்தில்? அந்த நேரத்தில் உடனிருந்தவர் யார்? கையெழுத்திட்டவரின் தகுதி என்ன?” என்று வரிசையாகக் கேட்டார். அதன்பின் இண்டியானா மாநிலத்தைப் பற்றிச் சொன்னார்: 2019, 2020 ஆகிய இரண்டே ஆண்டுகளில் இந்தச் சிகிச்சைக்காக அம்மாநில மெடிக்கெய்டு முறையற்று வழங்கிய தொகை குறைந்தது 5.6 கோடி டாலர் என்று ஒன்றிய சுகாதாரத் துறையின் தணிக்கைப் பிரிவு 2024 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. அங்கே பிடிபட்டவற்றில் பெரும்பகுதி இப்படிப்பட்ட குறிப்புகளின் கோளாறுதான்.

நேரடிச் சிகிச்சை தருவோர் பெரும்பாலும் ஆர்.பி.டி. எனப்படும் பதிவு பெற்ற தொழில்நுட்பர்கள். பள்ளிப்படிப்பு முடித்து 18 வயது நிறைந்து, 40 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் முடித்தால் அந்தத் தகுதி கிடைக்கும். அவர்கள் மாதம் 100 மணி நேரம் வேலை செய்தால், அதில் குறைந்தது 5 மணி நேரம் மேற்பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்பது பி.ஏ.சி.பி. வாரியத்தின் விதி. தங்கையோ நான்கு பேரை வேலைக்கு எடுத்து, தானும் மதிப்பீடு, பெற்றோர் பயிற்சி என்று ஓடலாம் எனக் கணக்குப் போட்டிருந்தாள். அந்த அம்மையார் தாளில் அவளுடைய வாரத்தைக் கட்டம் கட்டமாக எழுதிக் காட்டியபோது, மூன்றாவது ஆளுக்கே மேற்பார்வை நேரம் போதவில்லை என்பது தெரிந்தது. “இரண்டு பேரோடு தொடங்குங்கள்” என்றார். அந்த ஒரு மணி நேரத்தைத் தனியாக விற்றிருந்தால் 300 டாலர் கொடுத்து வாங்கியிருப்போம். மீதி 4,200 டாலர் மிஞ்சியிருக்கும்.

விற்பனைப் பிரிவைச் சேர்ந்த இன்னொருவர், நான் பில்லிங் அனுபவம் உள்ளவன் என்று கேள்விப்பட்டதும், நிலையத்தின் பில் வேலை முழுவதையும் கிருஷ்ணகிரியில் உட்கார்ந்தே செய்துகொள்ளலாமே என்று உற்சாகமாகச் சொன்னார். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள எந்த நிறுவனத்துக்கும் மெடிக்கெய்டு பணம் போகக் கூடாது என்பது அந்நாட்டின் 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்தின் 6505ஆவது பிரிவு. நோயாளியின் விவரங்களை வெளிநாட்டில் கையாள்வது பற்றியும் மாநில ஒப்பந்தங்களில் கட்டுப்பாடுகள் இருக்கும். நான் பார்த்தது நிறுவனத்தின் காகிதங்களை மட்டுமே. குழந்தைகளின் பெயர் ஒன்றுகூட என் கணினிக்கு வரவில்லை, வரவும் விடமாட்டேன்.

இதே காலத்தில், தர்மபுரியில் சிறப்பு ஆசிரியராக இருக்கும் என் மைத்துனி, அங்கே சிறியதாக ஒரு ஆட்டிசம் மையம் தொடங்க இப்படி ஏதாவது தொகுப்பு கிடைக்குமா என்று கேட்டார். நம் ஊரில் வழி வேறு. மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் எதுவாயினும், 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின்படி தகுதியுடைய அதிகாரியிடம் பதிவுச் சான்று பெற்ற பிறகே நடத்த முடியும். முறையான விண்ணப்பத்தின் மீது 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். சிறப்பு ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் போன்றோர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவேட்டில் இருக்க வேண்டும்; பதிவின்றித் தொழில் செய்தால் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறைகூட உண்டு. அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் அந்தப் பதிவேட்டில் வரமாட்டார்கள். அவர்களுக்கு 2021இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் மெடிக்கெய்டைப் போல மையத்துக்கு நேரடியாகப் பணம் தரும் ஏற்பாடு இங்கே இல்லை. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தந்தாலும், பெற்றோர் முதலில் செலவழித்துவிட்டுப் பிறகு கேட்டுப் பெற வேண்டும். மைத்துனியிடம், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டு வாருங்கள், எவருக்கும் தொகுப்புப் பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

தங்கையின் சேர்க்கை ஜூலை முதல் வாரத்தில் உறுதியானது. அதோடு முடிந்துவிடும் என்றுதான் தொகுப்பின் அட்டையில் இருந்தது. ஆனால் டெக்சாஸில் மெடிக்கெய்டு குழந்தைகளில் பெரும்பாலோர் ஸ்டார், ஸ்டார் கிட்ஸ் என்ற திட்டங்களின்கீழ், மாநிலத்துக்காகக் காப்பீட்டை நடத்தும் தனியார் நிறுவனங்களிடம் இருக்கிறார்கள். மாநிலச் சேர்க்கை அந்தக் கதவைத் தட்டுவதற்கான தகுதி மட்டுமே. ஒவ்வொரு நிறுவனத்திடமும் தனியாகத் தகுதிச் சரிபார்ப்பு, தனியாக ஒப்பந்தம். ஜனவரியிலேயே இதைச் சொல்லியிருந்தால், அலுவலக வாடகையை ஏப்ரலில் தொடங்காமல் தள்ளிப் போட்டிருப்போம். இதுவரை இரண்டு நிறுவனங்களின் ஒப்பந்தம் வந்திருக்கிறது, மூன்றாவதுக்குக் காத்திருக்கிறாள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநிலச் சேர்க்கையைப் புதுப்பிக்க வேண்டும் என்பதைத் தன் மின்னஞ்சலிலேயே, தன் கைப்பட, குறித்து வைத்துக்கொண்டாள்.

சென்ற வாரம் அந்த நிறுவனத்திடமிருந்து, எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் தந்து ஒரு மதிப்பீடு எழுதுங்கள் என்று தங்கைக்குக் கடிதம் வந்தது. ‘அன்புள்ள’ என்பதற்குப் பக்கத்தில் அப்பாவின் பெயர் இருந்தது.